அமைச்சரை எந்த வாசல் வழியாக அழைத்துப் போவது?

வணக்கம் சார்,

மூன்று வருடமாக உங்கள் கட்டுரைகளைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு ஓர் அரசு குழந்தைகள் இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சலராக) இருக்கிறேன். தொகுப்பூதியம்தான். நான்கு வருடம் ஆகிறது. நேர்காணலுக்குப் போனபோது பட்டச் சான்றிதழ், களப்பணிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அசலோடு வாங்கிப் பார்த்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அடிபட்டு வருகிற குழந்தைகளோடு பேசப் போகிறவளிடம் அதைக் கேட்கத்தான் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக வருபவர்கூட அதற்குரிய படிப்போடு ஏழு வருடமாவது குழந்தைகளுக்கான வேலையில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் படிப்பை வைத்துத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் துறை முழுவதற்கும் முடிவெடுக்கிற அமைச்சருக்கு எந்த அனுபவமும் தேவையில்லை. எந்தக் கட்சியையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. எந்த ஆட்சி வந்தாலும் இப்படித்தான் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கூட்டம். 18 வயது முடிந்து இல்லத்தை விட்டுப் போக வேண்டிய பையன் ஒருவனைப் பற்றிப் பேச்சு வந்தது. மேடையில் இருந்த ஒருவர், "சொந்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டார். சார், தன் சொந்த ஊர் எது என்று தெரியாததால்தான் அவன் பதினொரு வருடம் எங்களோடு இருந்தான். கோபத்தில் கேட்கவில்லை அவர். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு கேள்விகள். அமைச்சர் ஆகிறவருக்குக் குறைந்தது ஐந்து வருடமாவது சமூகப் பணி அனுபவம் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தால் என்ன? இரண்டாவது, அடுத்த மாதம் எங்கள் இல்லத்துக்கு அமைச்சர் வருவார் என்கிறார்கள். பணியாளர்கள் சார்பில் இரண்டு நிமிடம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது?

என் பெயரும் ஊரும் வேண்டாம் சார்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் அந்தப் பையன் வருகிற இடத்தைத் தாண்டிப் போக எனக்கு நேரமானது. "சொந்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே" என்பது எவ்வளவு இயல்பான கேள்வி! வீடு, ஊர், பெரியப்பா, சித்தி என்று எல்லாம் உள்ள ஒருவருக்கு அப்படித்தான் தோன்றும். பதினொரு வருடம் ஒருவன் கூடவே இருந்தவருக்கு மட்டும்தான் அந்தக் கேள்வியில் என்ன தப்பு என்று தெரியும். நீங்கள் கேட்கிற அனுபவம் என்பது இதுதான் என்று நினைக்கிறேன். இதைத்தான் எந்தச் சான்றிதழிலும் அளக்க முடியாது.

முதலில் சட்டம். அரசியலமைப்பின் 164ஆவது பிரிவுப்படி, அமைச்சராகிறவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் ஆகிவிட வேண்டும். உறுப்பினராவதற்கு 25 வயது நிறைந்திருந்தால் போதும். 2003இல் வந்த 91ஆவது திருத்தம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்தது: சட்டமன்ற பலத்தில் 15 சதவீதம். நம் 234 பேர் அவையில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர். யாருக்கு எந்தத் துறை என்பது முதலமைச்சரின் விருப்பம். அனுபவம் என்ற சொல்லே அங்கே இல்லை.

ஆனால் அரசியலமைப்பில் வேறு ஓரிடத்தில் அந்தச் சொல் இருக்கிறது. மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கிற 12 பேர் இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் சிறப்பறிவோ நடைமுறை அனுபவமோ உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்கிறது 80ஆவது பிரிவு. மாநிலங்களின் மேலவைக்கும் அப்படி ஒரு வழி உண்டு. நம்மிடம் 1986இல் மேலவையே போய்விட்டது. ஆக, சமூக சேவையில் அனுபவம் என்பது ஒரு தகுதி என்று அரசியலமைப்பை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதைப் பேசுகிற நாற்காலிக்கு வைத்தார்கள், முடிவெடுக்கிற நாற்காலிக்கு வைக்கவில்லை.

இந்தக் குறை அவர்களுக்கும் உறுத்தியிருக்கிறது. 1949 நவம்பர் 26, அரசியலமைப்பு ஏற்கப்பட்ட நாள். அன்று அவையை முடித்துவைத்துப் பேசிய ராஜேந்திர பிரசாத் இரண்டு வருத்தங்களைச் சொன்னார். அதில் ஒன்று, சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தகுதி எதுவும் வைக்க முடியாமல் போனது. சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறவரிடம் உயர்ந்த தகுதிகளைக் கேட்கிறோம், அந்தச் சட்டத்தை இயற்றுகிறவரிடம் மட்டும் ஓட்டு வாங்கியதைத் தவிர வேறெதையும் கேட்பதில்லையே, இது முரண்பாடு அல்லவா என்பது அவர் சொன்னதன் சாரம். உங்கள் நேர்காணலில் அசல் சான்றிதழைக் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதேதான். எழுபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

இவ்வளவு சொன்னபிறகும், நீங்கள் கேட்கிற சட்டம் வேண்டாம் என்பதே என் பதில்.

ஏன் என்றால், அப்படி ஒரு வாசற்படி வைத்துப் பார்த்த அனுபவம் நாட்டில் இருக்கிறது. 2015இல் ஹரியானா அரசு பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் படிப்புத் தகுதி வைத்தது. பொதுப் பிரிவு ஆண் என்றால் பத்தாம் வகுப்பு, பெண் என்றால் எட்டு, தலித் பெண் வார்டு உறுப்பினராக ஐந்து. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. அந்த வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. வெளியே தள்ளப்பட்டவர்கள் யார்? அந்த ஊரின் வயதான பெண்கள், தலித்துகள், கழிப்பறை கட்ட வழியில்லாத வீட்டுக்காரர்கள். அதாவது, நீங்களும் நானும் யாருடைய அனுபவம் ஆட்சிக்குள் வர வேண்டும் என்று கேட்கிறோமோ அவர்களேதான். ராஜஸ்தானும் இதே மாதிரி ஒரு விதியை 2014 கடைசியில் கொண்டுவந்து, 2019இல் எடுத்துவிட்டது.

சமூகப் பணி அனுபவத்துக்குச் சட்டம் போட்டாலும் இதுதான் நடக்கும். யார் சான்று கொடுப்பது? பதிவு எண் உள்ள அறக்கட்டளை கொடுக்கும். அறக்கட்டளை யாரிடம் இருக்கும்? கல்லூரி வைத்திருப்பவரிடம் இருக்கும். பிறந்தநாளுக்கு நாலு தையல் இயந்திரம், ஐம்பது நோட்டுப் புத்தகம் கொடுத்து, அதைப் படமெடுத்து, பிளெக்ஸில் பெயருக்குக் கீழே "சமூக சேவகர்" என்று போட்டுக்கொள்கிற வழக்கத்தை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். வேட்புமனுவோடு தருகிற பிரமாணப் பத்திரத்தில் தொழில் என்ன என்று ஒரு கேள்வி வரும். அதில் "சமூகப் பணி" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஐந்து வருடச் சான்று முதலில் அவர்களுக்குத்தான் கிடைக்கும். ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் மோட்டார் பழுதானால் டார்ச் எடுத்துக்கொண்டு போய் நிற்கிற ஊராட்சித் தலைவிக்குக் கிடைக்காது.

அந்தத் தலைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. 2016இலிருந்து பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம். நல்லவிதமாக ஐந்து வருடம் ஓர் ஊராட்சியை நடத்தியவருக்குத் தெரியாத சமூகப் பணி எதுவும் கிடையாது. முதியோர் பென்ஷன் மனு, குடிகாரக் கணவன், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண், சுடுகாட்டுப் பாதைத் தகராறு என்று எல்லாம் அவர் வாசலுக்குத்தான் வரும். ஐந்து வருடம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். சட்டமன்றத் தேர்தலுக்குக் கட்சிகள் நடத்துகிற நேர்காணலில் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதே முதல் கேள்வி என்று போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்?" என்பது அங்கே முதல் கேள்வியாக வேண்டும். சட்டத்தால் அதைச் செய்ய முடியாது. கட்சிக்காரர்கள் கட்சிக்குள் கேட்க வேண்டும், நாம் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்க வேண்டும்.

சரி, அனுபவத்தோடு வந்த அமைச்சர்கள் நம்மிடம் இருந்ததே இல்லையா? இருந்தார்கள். கக்கன் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டு. பத்து வருடம் அமைச்சராக இருந்தவர் அங்கே படுத்திருந்ததும், எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்ததும் திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. நல்லதுதான். ஆனால் அது அவருடைய எளிமையைப் பற்றிய கதை. எளிமையாக இருக்கிறவருக்கு ஏழைகளின் சிக்கல் தெரிந்திருக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்று கிடையாது. எனக்கு அமைச்சராவதற்கு முந்தைய கக்கன்தான் முக்கியம்.

மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டி அவருடைய ஊர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான விடுதிகளிலும் இரவுப் பள்ளிகளிலும் வேலை செய்தவர். 1939 ஜூலை 8ஆம் தேதி, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிறு குழுவில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு முப்பத்தோரு வயது. அதுவரை அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். 1957இல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறைக்கு அமைச்சரானார். வாசலுக்கு வெளியே நின்றவர் கோப்பில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்தார். இடையில் பதினெட்டு வருடம். நடுவில் 1942 போராட்டச் சிறை, அரசியல் நிர்ணய சபை, மக்களவை என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத ஊர்களைப் பற்றி எந்த அதிகாரியும் அவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது உள்துறை அமைச்சராக இருந்தவரும் கக்கன்தான். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். முதலமைச்சர் பக்தவத்சலம், மத்திய அரசு, கட்சி என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். ஆனாலும் அந்தத் துறை அவர் கையில் இருந்தது. 1967இல் தன் சொந்த மண்ணான மேலூரிலேயே தோற்றார். இரவுப் பள்ளி நடத்திய அனுபவம் ஒருவரை எல்லா இடத்திலும் சரியாக நடக்க வைத்துவிடும் என்று நம்ப எனக்கு ஆசைதான். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அவருக்குப் பழக்கப்பட்ட துயரம் ஒன்று இருந்தது. மாணவர்களின் கொதிப்பு அவருக்குப் பழக்கமில்லாததாக இருந்திருக்கலாம். அனுபவம் அது கிடைத்த இடத்தைச் சுற்றித்தான் நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த இடத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று.

எண்பதுகளின் கடைசியில், கல்லூரி முடித்த கையோடு, வானம் பார்த்த பூமியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டரை வருடம் இருந்தேன். பெரும்பாலும் மனு எழுதுகிற வேலை. முதியோர் பென்ஷன் நம் மாநிலத்தில் 1962இலேயே வந்துவிட்டது. அதை வாங்குவதற்குள் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை. ஒரு பாட்டி வந்தாள். எழுபதுக்கு மேல் வயது. ஒரே மகன், பிழைக்கப் போகிறேன் என்று போய் ஒன்பது வருடம், தகவலே இல்லை. வயதுவந்த மகன் இருந்தால் பென்ஷன் கிடையாது என்பது அப்போதைய நடைமுறை. "மகன் இருக்கிறார், தொடர்பில் இல்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். மனு திரும்பி வந்தது. இரண்டாவது முறையும் திரும்பியது. யாரோ எனக்கு யோசனை சொன்னார்கள், மகன் இறந்துவிட்டான் என்று எழுதிவிடு, இத்தனை வருடம் கழித்து யார் விசாரிக்கப் போகிறார்கள் என்று. பாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. "பெத்தவ வாயால அதைச் சொல்லச் சொல்றியா தம்பி?" என்றாள். அதோடு பென்ஷன் பேச்சையே விட்டுவிட்டாள். கடைசி வரை வாங்கவில்லை.

அந்த மனுவில் "வயதுவந்த மகன் உண்டா, இல்லையா" என்று கேட்டவர் கெட்டவர் இல்லை. தகுதியில்லாதவர்களுக்குப் பணம் போகக் கூடாது என்று நினைத்தவர். ஆனால் ஒரு நாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் "மகன் கவனிக்கிறாரா?" என்று கேள்வியை மாற்றியிருப்பார். ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு கிழவியின் பத்து வருடச் சோறு இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. படித்த உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அமைச்சருக்கு அனுபவம் எதற்கு, அதற்குத்தானே செயலாளர் இருக்கிறார் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்தப் பாட்டிதான். செயலாளர் கொண்டுவருகிற கோப்பில் அந்த வரி இருக்கும். அதைப் படித்ததும் மனதில் முள் தைத்தாற்போல் ஒன்று தட்டுப்பட வேண்டும். பார்த்தவருக்குத்தான் தட்டுப்படும்.

அப்படியானால் பார்க்காதவர் அமைச்சராகிவிட்டால்? பெரும்பாலும் அதுதான் நடக்கப் போகிறது. அங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிடப் பெரியதாகத் தெரிகிறது எனக்கு. அதற்கு வெகுதூரத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவர வேண்டும்.

பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் உங்களைப் போலச் சமூகப் பணியாளர். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூகப் பணி மையத்தில், வந்தேறித் தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவே வேலை கற்றவர். 1911 மார்ச் 25, ஒரு சனிக்கிழமை. நியூயார்க்கில் தோழி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே தீயணைப்பு வண்டிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார். பத்து மாடிக் கட்டடத்தின் மேல்தளங்களில் டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கிற கம்பெனி எரிந்துகொண்டிருந்தது. கதவு பூட்டியிருந்தது. பெண்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இருபது வயதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமான பெண்கள். அந்தத் தெருவில் நின்று பெர்கின்ஸ் அதைப் பார்த்தார்.

பிறகு தொழிற்சாலைகளை விசாரிக்க மாநிலச் சட்டமன்றம் ஒரு ஆணையம் போட்டது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித். இரண்டு பேரும் ஓட்டரசியலில் ஊறியவர்கள். அன்றைய நியூயார்க்கின் மிகவும் மோசமான பெயரெடுத்த கட்சி அமைப்பிலிருந்து வந்தவர்கள். ஆணையத்துக்கு உதவியாக இருந்த பெர்கின்ஸ் அவர்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. கூட்டிக்கொண்டு போனார். கயிறு திரிக்கிற ஆலையில் பத்து மணி நேர இரவு வேலை முடிந்து பெண்கள் வெளியே வருகிற நேரத்துக்கு ஸ்மித்தைக் கொண்டுபோய் நிறுத்தினார். இன்னொரு தொழிற்சாலையில், தீப்பிடித்தால் தப்பிக்கிற வழி என்று சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்குள் வாக்னரையே தவழ்ந்து போக வைத்தார். வெளியே செங்குத்தான இரும்பு ஏணி, பனிக்கட்டி படிந்து கிடந்தது, தரைக்குப் பன்னிரண்டு அடி உயரத்திலேயே முடிந்துபோனது.

அந்த வாக்னர்தான் 1935இல், தொழிற்சங்கம் வைக்கிற உரிமையைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த சட்டத்தைக் கொண்டுவந்தார். இன்றும் அந்தச் சட்டத்தை அவர் பெயரால் சொல்கிறார்கள். ஸ்மித் ஆளுநராகி, பெர்கின்ஸை அரசுப் பொறுப்புக்கு அழைத்தார். பெர்கின்ஸ் 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சரானார், அந்நாட்டின் முதல் பெண் அமைச்சர். பதவியை ஏற்பதற்கு முன்பே, இன்னின்னது செய்ய விடுவீர்களா என்று ஒரு பட்டியலோடு போய்க் கேட்டவர். முதியோர் ஓய்வூதியம், வேலையில்லாதவருக்குக் காப்பீடு, குறைந்தபட்சக் கூலி, குழந்தை உழைப்பு ஒழிப்பு எல்லாம் அதில் இருந்தன. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பன்னிரண்டு வருடம் அந்தப் பதவியில் இருந்தார்.

இந்தக் கதையில் எல்லோரும் பெர்கின்ஸைப் பாராட்டுவார்கள். நானும்தான். ஆனால் உங்களுக்காக யோசிக்கும்போது என் மனம் வாக்னரிடம் போகிறது. அனுபவம் இல்லாத ஒரு மனிதர், சரியான ஓட்டைக்குள் ஒருமுறை தவழ்ந்து போனார். போக வைத்தவர் ஒரு சமூகப் பணியாளர்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? அமைச்சர் வருகிறார் என்றால் மூன்று நாள் முன்பே பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். ரோட்டுப் பள்ளத்தில் அவசரமாக மண் கொட்டுகிறோம். கட்டிலுக்குப் புதுப் போர்வை வருகிறது. "சாப்பாடு நல்லா இருக்கா?" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை குறைவு. நானும் செய்திருக்கிறேன். அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு ஒருமுறை ஓர் அமைச்சர் வந்தார். எங்களிடம் தங்கிப் படித்த பிள்ளைகளின் சமையற்கட்டு மழைக்கு ஒழுகும். பாத்திரத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் சமைப்போம். அவர் வந்த அன்று அந்தக் கதவைப் பூட்டினோம். பூட்டிய சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வெள்ளையடித்த கூடத்தில் நின்று, "ஏதாவது குறை இருக்கா?" என்று அவர் கேட்டார். நன்றாக நினைவிருக்கிறது, நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். "ஒண்ணும் இல்லைங்கய்யா" என்றோம். அந்த வருட மழையிலும் ஒழுகியது.

அந்த அமைச்சருக்குச் சமூகப் பணி அனுபவம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருந்திருந்தால் பூட்டிய கதவைப் பார்த்ததும் "இதைத் திற" என்றிருப்பார். அனுபவம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஓர் ஆய்வில் தெரிகிற வேறுபாடு இவ்வளவுதான். இல்லாதவருக்காக யாராவது திறந்து வைக்க வேண்டும். என்னிடம் சாவி இருந்தது, நான் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்தும் அது என்னை விடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் என் நிலை வேறு, உங்கள் நிலை வேறு. நீங்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறீர்கள். மேலதிகாரி முகம் சுளித்தால் உங்கள் வேலையே கேள்விக்குறியாகலாம். தைரியமாகப் பேசு என்று இங்கே உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம். அதனால் கவனமாகவே சொல்கிறேன்.

புகார் சொல்லாதீர்கள். சம்பளம், பணி நிரந்தரம் இரண்டும் நியாயமான கோரிக்கை. அதைச் சங்கம் வழியாக மனுவாகக் கொடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை அதற்குச் செலவழிக்க வேண்டாம். ஒரு பையனின் பதினெட்டாவது பிறந்தநாளை மட்டும் சொல்லுங்கள். பெயரோ, எங்கிருந்து வந்தான் என்பதோ, அடையாளம் காட்டுகிற எதுவுமோ வேண்டாம். கேமராக்கள் இருக்கும், அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிற இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு உங்களுக்கே தெரியும். அன்று காலை அவனுக்கு என்ன சாப்பாடு? போகும்போது பையில் என்னென்ன இருந்தது? ஆதார் அட்டையில் இருந்த முகவரி இதே இல்லத்தின் முகவரிதானே? நாளை முதல் அவன் அங்கே இல்லை. வாடகைக்கு அறை கேட்டுப் போனால் "அப்பா என்ன பண்றார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பதினெட்டுக்குப் பிறகு இருபத்தொன்று வரை பின்பராமரிப்பு உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. அது அவன் கைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆனது, அந்த நாட்களில் அவன் எங்கே படுத்தான்? உங்களுக்கு இதெல்லாம் தெரியும். கூட்டி எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம்.

கடைசியில் ஒன்றே ஒன்று கேளுங்கள். ஒரு கையெழுத்தில் முடிகிற மாதிரி இருக்கட்டும். பதினேழு வயது ஆனதுமே அவனுடைய தங்குமிடத்துக்கும் தாள்களுக்குமான வேலை தொடங்கிவிட வேண்டும், பதினெட்டு ஆகிற நாளில் எல்லாம் கையில் இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு. பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தையும் உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்று என்றால் அங்கேயே "ஏன் இது முடியாது?" என்று அதிகாரியிடம் கேட்க வாய்ப்பு உண்டு.

முடிந்தால் பேச்சுக்குப் பிறகு அவரைப் பையன்கள் படுக்கிற அறைக்குக் கூட்டிப் போங்கள். பூங்கொத்து கொடுத்துக் கூடத்திலேயே உட்கார வைக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் தன் பெட்டியைத் திறந்து காட்டச் சம்மதித்தால் காட்டட்டும். சம்மதித்தால் மட்டும். அமைச்சர் வருகிறார் என்பதற்காக அவனை ஒரு காட்சிப் பொருளாக்க வேண்டாம். அந்த எல்லையை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வளாகத்தில் வேறு யாரும் இருக்கப் போவதில்லை.

உங்கள் மேலதிகாரியிடம் என்ன பேசப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஒளித்துச் செய்ய இதில் எதுவும் இல்லை. அவரும் பல வருடம் இதையே பார்த்து மனம் சலித்தவராக இருக்கலாம். நாம் நினைப்பதைவிட அதிகமானோர் நம் பக்கம் நிற்பார்கள்.

அமைச்சர் வந்துபோன பிறகு எழுதுங்கள். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதைவிட, அவர் திருப்பி என்ன கேட்டார் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். அப்புறம், அந்தப் பதினொரு வருடப் பையன் இப்போது எங்கே தங்கியிருக்கிறான் என்பதை நீங்கள் எழுதவில்லை. வேலை ஏதாவது கிடைத்ததா? தனியாக எழுதினாலும் சரி, அதை மட்டும் தெரிவியுங்கள்.

அன்புடன்.